ஒன்பது எது? ஆங்கிலப் பழமொழிகளைப் படிக்கும் வழி

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் டியூஷன் நடக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவரும் கைடுகளில் ஒரு பக்கம் தவறாமல் இருக்கும்: இடப்பக்கம் ஆங்கிலப் பழமொழி, வலப்பக்கம் தமிழ்ப் பழமொழி, நடுவே கோடு போட்டுப் பொருத்த வேண்டும். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு பொருத்திவிடுவார்கள். முதல் சொல்லைப் பார்த்தாலே போதும், கோடு தானாக ஓடும்.

ஒருநாள் சும்மா கேட்டுப் பார்த்தேன். "'எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன்' என்றால் என்னடா?"

"வருமுன் காப்பது மிஸ்."

"சரி. அதில் ஒன்பது என்று வருகிறதே, ஒன்பது எது?"

கொஞ்சம் யோசித்தான். "ஒன்பது மணி மிஸ். டைம்னு முன்னாடியே சொல்லிட்டாங்களே."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்று இரவு அதையே வீட்டில் இரண்டு பெரியவர்களிடம் கேட்டேன். ஒருவர் பட்டதாரி. அவர்களுக்கும் ஒன்பது எதுவென்று தெரியவில்லை. விடை சரி, வழி தெரியாது. கணக்குப் பாடத்தில் இப்படி எழுதினால் நான் மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவேன். பழமொழியில் மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

நூறு பழமொழிகளும் அவற்றின் பொருளும் வேண்டுமென்றால் எந்தக் கைடிலும் கிடைக்கும். இங்கே பத்துப் பதினைந்தை மட்டும் எடுத்து, அவை உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம். அது பிடிபட்டால் புதிதாக ஒன்று எதிரே வந்தாலும் தடுமாற வேண்டியதில்லை.

பழமொழி எது, மரபுத்தொடர் எது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "கடன் வாங்கினவன் கம்பி நீட்டிவிட்டான்" என்கிறோம். இதில் 'கம்பி நீட்டுவது' மரபுத்தொடர். சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது; மொத்தமாகச் சேர்த்து 'ஓடிப்போவது' என்று பொருள். வாக்கியத்துக்குள் ஒரு துண்டாகத்தான் அது உட்காரும். ஆங்கிலத்தில் 'கிக் த பக்கெட்' அப்படித்தான். வாளியை உதைப்பது என்று எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்தால் செத்துப்போனவர் எழுந்து வந்து சிரிப்பார். 'செத்துப்போவது' என்பதற்கு அங்கே வழங்கும் பேச்சு அது, அவ்வளவே.

பழமொழி தனியே நிற்கும் முழு வாக்கியம். அதில் ஒரு தீர்ப்பு இருக்கும். "குரைக்கிற நாய் கடிக்காது" என்று சொல்லி முற்றுப்புள்ளி வைக்கலாம். 'கம்பி நீட்டி' என்று சொல்லிப் புள்ளி வைத்தால் கேட்பவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார்.

தொல்காப்பியம் பழமொழியை 'முதுமொழி' என்கிறது. நுண்மை, சுருக்கம், ஒளி என்று அதற்குரிய குணங்களை அடுக்கிவிட்டு, "குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது" என்றும் சொல்கிறது. ஏது என்றால் காரணம். பேசிக்கொண்டிருக்கும் விஷயத்தை முடித்துவைக்க ஒரு காரணமாக வந்து விழுவது முதுமொழி. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பின்பகுதியில் இதற்கு வேலை இருக்கிறது.

கோணி ஊசி

இப்போது அந்த ஒன்பதுக்கு வருவோம். கேழ்வரகு மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். சாக்கின் மூலையில் ஓரிடத்தில் இழை விட்டிருக்கும். விரல் நுழையாத ஓட்டைதான். கேழ்வரகு கடுகு மாதிரி. அந்த ஓட்டையே அதற்கு வாசல். மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்து நாலு எட்டு நடந்தால் பின்னால் சிவப்பாக ஒரு கோடு விழுந்துகொண்டே வரும். கோணி ஊசியில் சணல் கோத்து அங்கேயே ஒரு தையல் போட்டால் முடிந்தது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வண்டியில் ஏற்றினால், குலுங்குகிற குலுங்கலில் பக்கத்து இழைகளும் விடும். இறக்கும்போது ஒரு சாண் கிழிந்திருக்கும். இப்போது ஒன்பது தையல்.

'நைன்' என்பது அந்த ஒன்பது தையல்தான். 'இன் டைம்' என்றால் உரிய நேரத்தில். உரிய நேரத்தில் போட்ட ஒரு தையல், பிறகு போட வேண்டியிருக்கும் ஒன்பதை மிச்சப்படுத்தும். 'ஸ்டிட்ச்' என்ற சொல்லை இரண்டாவது முறை சொல்லாமல் விட்டதால்தான் எங்கள் பையன் மணியைத் தேடிப் போனான்.

ஏன் ஒன்பது, ஏன் எட்டில்லை? காதுக்காக. டைம், நைன் என்று ஓசை ஒட்டுகிறது. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பதில் ஆடியும் தேடியும் ஒட்டுவது மாதிரி. ஆங்கிலத்தில் தாமஸ் ஃபுல்லர் 1732-இல் வெளியிட்ட திரட்டிலேயே இந்தப் பழமொழி இருக்கிறது, அங்கேயும் ஒன்பதுதான்.

கையால் தொடக்கூடிய இந்தத் தையல் காட்சிக்கு நேர்ப்பொருள் என்று பெயர். அதன் வழியாகச் சொல்லவரும் சேதி குறிப்புப்பொருள். கைடு நேரே குறிப்புப்பொருளுக்குத் தாவிவிடுகிறது. நேர்ப்பொருளைக் கண்ணால் பார்த்தவனுக்குக் குறிப்புப்பொருளை மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை.

வெயில் அவர்களுக்கு, காற்று நமக்கு

'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்.' வெயில் அடிக்கும்போதே வைக்கோல் போடு என்று பெயர்த்துவிட்டு நாம் போய்விடுகிறோம். ஆனால் தர்மபுரிக்காரருக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெயிலுக்குப் போய் யாராவது அவசரப்படுவார்களா? இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அடிக்கும். புளி காய வேண்டுமா, மிளகாய் காய வேண்டுமா, வாசலில் கொட்டிவிட்டுத் தூங்கலாம்.

இங்கிலாந்தில் கதை வேறு. 'ஹே' என்பது நெல் வைக்கோல் இல்லை. குளிர்காலத்தில் மாடு தின்பதற்காகப் புல்லை அறுத்துக் காயவைத்து எடுத்துவைப்பது. கோடையிலும் அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அறுத்த புல் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் வெயில் வந்த அன்றைக்கு வேறு எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் புல்லுக்கு ஓட வேண்டும்.

நமக்கு அந்த இடத்தில் நிற்பது காற்று. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்." கேழ்வரகுக் கதிரை அடித்தோ, இப்போது பல ஊர்களில் செய்வதுபோல் ரோட்டில் பரப்பி வண்டிகளை ஏறவிட்டோ மணியைப் பிரித்த பிறகு, தூசியும் சொங்கும் கலந்து கிடக்கும். முறத்தில் அள்ளித் தலைக்கு மேல் தூக்கி மெல்லச் சரிக்க வேண்டும். காற்று இருந்தால் மணி காலடியில் நேராக விழும், சொங்கு தள்ளிப்போய் விழும். காற்று நின்றுவிட்டால் இரண்டும் ஒரே இடத்தில் விழும். முறத்தோடு மேற்கைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். என் பாட்டி அப்படி நின்று காற்றைத் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். எழுதக்கூடிய திட்டு இல்லை.

இரண்டு பழமொழியும் ஒன்றுதான் என்று கைடு கோடு போடுவதில் தப்பில்லை. ஆனால் எந்த ஊரில் எது கிடைப்பது அரிதோ அதைத்தான் அந்த ஊர் பழமொழியில் வைத்திருக்கிறது. அங்கே வெயில், இங்கே காற்று.

இதுவரை பார்த்தது: பழமொழிக்குள் ஒரு தொழில் இருக்கும், தையலோ உழவோ. அந்தத் தொழிலில் எது தவறிப்போகும், தவறினால் எவ்வளவு செலவு என்று பார்த்தால் பொருள் தானே வந்துவிடும்.

தொப்பூர் இறக்கத்தில் ஒரு பென்னி

'பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்.' இது பழைய ஆங்கில நாணயக் கணக்கு. 1971 பிப்ரவரி 15 வரை ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. பென்னியில் கெட்டிக்காரன், பவுண்டில் முட்டாள் என்றால், ஒன்றைக் காப்பாற்றப் போய் 240-ஐ விட்டவன்.

டியூஷன் பையன் ஒருவனின் அப்பா லாரி ஓட்டுகிறார். பையன் இந்தப் பழமொழியை வீட்டில் சத்தம் போட்டுப் படித்திருக்கிறான். மறுநாள் அவனை விட வந்தவர் என்னிடம் சொன்னார்: "இது எங்க தொப்பூர் கணவாய் கதை டீச்சர். இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு சில பேர் விடுவாங்க. கீழ போய்ச் சேர்ந்தாத்தானே மிச்சம்?"

தர்மபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் அந்த நீண்ட இறக்கத்தைத் தெரியாதவர்கள் நம் பக்கம் இருக்க முடியாது. கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் பாரம் முழுக்க பிரேக் மேல். அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். கொஞ்சம் டீசல் பென்னி. வண்டியும் சரக்கும் உயிரும் பவுண்ட். எந்தக் கைடும் இவ்வளவு நன்றாகச் சொல்லித்தந்ததில்லை.

தமிழில் இதற்கு "கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது" என்று பொருத்துவார்கள். நெருங்கி வருகிறது, ஆனால் முழுக்க இல்லை. கடுகைத் தேடியதால் பூசணிக்காய் போனது என்று தமிழ் சொல்லவில்லை. கவனம் தப்பான இடத்தில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆங்கிலப் பழமொழியைச் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் அந்த மிச்சம் பிடித்ததே நஷ்டத்துக்குக் காரணமாக இருக்கும்.

பழைய சொல், புதிய காது

காட்சி தெரிந்தும் சில பழமொழிகள் பிடி கொடுக்காது. காரணம், அதில் உள்ள ஒரு சொல் அந்தக் காலத்துப் பொருளில் உறைந்து கிடக்கும். மொழி நகர்ந்துவிட்டது, பழமொழி நகரவில்லை.

'த ப்ரூஃப் ஆஃப் த புட்டிங் இஸ் இன் த ஈட்டிங்.' ப்ரூஃப் என்றால் இன்றைக்கு அத்தாட்சி. ஆதார் கார்டு, ரேஷன் கார்டு. புட்டிங்குக்கு என்ன அத்தாட்சி? இங்கே ப்ரூஃப் என்றால் சோதனை. இந்தப் பழைய பொருள் நம்மிடமே உயிரோடு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தால் அச்சகக்காரர் முதலில் ஒரு தாளைக் கொடுத்து, "ப்ரூஃப் பார்த்துக் கொடுங்க" என்பார். மாப்பிள்ளை பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சோதிக்க ஒரு தாள். அந்த ப்ரூஃப்தான் இது.

புட்டிங் என்பதையும் இன்றைய இனிப்பாக நினைக்கக் கூடாது. பழைய புட்டிங் என்பது ஆட்டுக் குடலிலோ இரைப்பையிலோ கறியும் மாவும் அடைத்து வேகவைத்த பண்டம். வெளியே பார்த்தால் எல்லாம் உருண்டையாக, பளபளவென்று இருக்கும். உள்ளே போட்டது நல்ல கறியா, கெட்டதா? வாயில் போட்டால்தான் தெரியும். தின்று பார்ப்பதே சோதனை.

அடுத்து, 'யூ காண்ட் ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட்.' இதைக் கேட்டு ஒரு பெண் என்னிடம் நியாயமாகவே சண்டை போட்டாள். "கேக் இருந்தாத்தானே மிஸ் சாப்பிட முடியும்? ஏன் முடியாதுங்கறாங்க?" அவள் சொன்னது சரி. இங்கே 'ஹேவ்' என்றால் வைத்துக்கொள்வது. ஜான் ஹேவுட் 1546-இல் தொகுத்த பழமொழிகளில் இதே வாக்கியம் வரிசை மாறி, முதலில் தின்பதும் பிறகு வைத்துக்கொள்வதுமாக இருக்கிறது. அப்படிச் சொன்னால் உடனே விளங்கும்: கேக்கைத் தின்றுவிட்டு அதே கேக்கை அலமாரியிலும் வைத்திருக்க முடியாது. பின்னால் புரண்ட வரிசையே அதிகம் வழங்கியது, பொருள் மங்கிவிட்டது.

இதற்குத் தமிழில் "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை." கேழ்வரகுக் கூழைச் சொம்போடு தூக்கிக் குடித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் கட்சி இதில் தமிழ்ப் பழமொழிதான். கேக்கில் இல்லாத முகம் ஒன்று இதில் கண் முன்னால் வந்து நிற்கிறது.

'க்யூரியாசிட்டி கில்ட் த கேட்' என்பதில் சொல்லே மாறிவிட்டது. ஷேக்ஸ்பியர் காலத்தில் பூனையைக் கொன்றது 'கேர்'. அதாவது கவலை. 1598-இல் மேடையேறிய பென் ஜான்சன் நாடகத்தில் அப்படித்தான் வருகிறது. ஒன்பது உயிர் இருப்பதாக அவர்கள் சொல்லும் பூனையையே கவலை கொன்றுவிடும் என்றார்கள். துருதுருவென்று எதிலும் மூக்கை நுழைக்கும் குணம் பூனையைக் கொல்லத் தொடங்கியது பல தலைமுறைக்குப் பிறகு.

செவ்வாய் விடுமுறை

தனித் தலைப்பு கொடுக்கும் அளவுக்குக் கெட்டுப்போன பழமொழி ஒன்று உண்டு. 'தி எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்.' விதிவிலக்கு விதியை நிரூபிக்கிறது.

டீக்கடை வாதத்தில் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர், "இந்தக் காலத்துப் பசங்க யாருமே புத்தகம் படிக்கிறதில்லை" என்பார். இன்னொருவர், "என் பையன் படிக்கிறானே" என்பார். உடனே முதலாமவர், "எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்" என்று சொல்லி டீயைக் குடித்துவிடுவார். தன் கூற்றுக்கு எதிரான சான்றையே தனக்குச் சாதகமாக ஆக்கிக்கொள்ளும் தந்திரம். இப்படிப் பார்த்தால் எதிர்ச் சான்று கூடக்கூட அவர் சொன்னது அதிக உண்மையாகிவிடும். அறிவுக்குப் பொருந்துமா?

சிலர் இதை மேலே சொன்ன ப்ரூஃப் மாதிரி எடுத்துக்கொண்டு, விதிவிலக்கு விதியைச் சோதிக்கிறது என்று விளக்குவார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. இது லத்தீனில் இருந்த சட்டக் கோட்பாடு. முழு வடிவம்: விலக்கப்படாத இடங்களில் விதி இருக்கிறது என்பதை விலக்கு காட்டுகிறது.

முடிதிருத்தும் கடைக்குப் போனால் புரிந்துவிடும். வாசலில் "செவ்வாய் விடுமுறை" என்று ஒரு பலகை. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. மற்ற ஆறு நாளும் கடை உண்டு என்று யாரும் எழுதவில்லை. ஆனால் பலகையைப் பார்த்தவருக்குத் தெரியும். செவ்வாயை மட்டும் விலக்கியிருப்பதால், விலக்காத நாட்களில் கடை திறந்திருக்கும் என்ற எழுதாத விதி ஒன்று இருப்பது உறுதியாகிறது. விலக்கு விதியை நிரூபித்துவிட்டது.

ஆக, இங்கே விலக்கு என்பது தற்செயலாகக் கண்ணில் பட்ட முரண் இல்லை. யாரோ வேண்டுமென்றே எழுதிவைத்த விலக்கு. டீக்கடையில் பதில் சொன்னவருடைய பையன் புத்தகம் படிப்பது யாரும் பலகை மாட்டிச் செய்த விலக்கல்ல. அடுத்த முறை யாராவது இதைச் சொல்லி வாயை அடைக்கப் பார்த்தால், பலகை எங்கே என்று கேளுங்கள்.

இன்னொரு சின்ன முடிச்சு, இதுவும் கிட்டத்தட்ட தர்க்க விஷயம்தான். 'ஆல் தட் கிளிட்டர்ஸ் இஸ் நாட் கோல்ட்.' மின்னுவதெல்லாம் பொன்னல்ல. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால், மின்னுகிற எதுவுமே பொன் இல்லை என்றாகிவிடும். பொன்னும் மின்னத்தானே செய்கிறது? 'மின்னுகிற எல்லாமும் பொன்னாகிவிடாது' என்பதுதான் சொல்லவந்தது. "வந்தவங்க எல்லாம் சாப்பிடலை" என்று பந்தியில் சொன்னால், ஒருவருமே சாப்பிடவில்லையா, சிலர் சாப்பிடவில்லையா என்று நாமும் திருப்பிக் கேட்போம். இரண்டு மொழியிலும் அதே வழுக்கல்.

மறுபடியும் ஒரு நிமிஷம் நிற்போம். காட்சி தெரிந்தும் பொருள் இடிக்கிறதென்றால், ஒரு சொல் பழைய பொருளில் நிற்கிறதா, வரிசை புரண்டிருக்கிறதா, முதல் பாதியோ பின்பாதியோ காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

பாசி நல்லதா, கெட்டதா

'எ ரோலிங் ஸ்டோன் கேதர்ஸ் நோ மாஸ்.' உருளும் கல்லில் பாசி பிடிக்காது. இதில் சொல் எதுவும் மாறவில்லை. ஆனால் பாராட்டா திட்டா என்பதில் உலகமே இரண்டாக நிற்கிறது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு அறிஞர் எராஸ்மஸ் தொகுத்த லத்தீன் பழமொழிகளில் இது இருக்கிறது. அங்கே இது திட்டு. பாசி என்றால் ஓரிடத்தில் இருந்து சேர்த்த சொத்து, உறவு, மதிப்பு. ஊர் ஊராக அலைகிறவனுக்கு ஒன்றும் ஒட்டாது. பிற்காலத்தில், முக்கியமாக அமெரிக்காவில், இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டார்கள். பாசி என்றால் தேக்கம், சோம்பல். உருண்டுகொண்டே இருப்பவன் துடிப்பானவன்.

ஒகேனக்கல் பாறையில் கால் வைத்து வழுக்கியவர்கள் பாசியைச் சொத்தென்று எடுத்துக்கொள்வது கஷ்டம். அதனால்தானோ என்னவோ எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அமெரிக்காக்காரர் பக்கம் போகிறார்கள். இன்னொரு காரணமும் இருக்கலாம். மழை பொய்த்தால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிற மாவட்டம் இது. அப்பா கட்டட வேலைக்குப் போன வீட்டுப் பிள்ளையிடம் 'உருளும் கல்லில் பாசி ஒட்டாது' என்று திட்டாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு வாய் வருவதில்லை. "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" என்று ஔவையார் கொன்றைவேந்தனில் சொல்லியிருக்கிறாரே. (நம் ஊர் அதியமான் நெல்லிக்கனி கொடுத்த ஔவையார் இவர் இல்லை; இவர் பல நூற்றாண்டு பிந்தியவர். பிள்ளைகள் மட்டுமல்ல, மேடைப் பேச்சாளர்களும் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள்.)

இந்தப் பழமொழியைப் படிக்கும்போது யார் சொல்கிறார், முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். வேறு வழி இல்லை.

வாட்ஸ்அப்பில் வரும் 'முழுப் பழமொழி'

ஓசூரில் ஒரு கம்பெனி நேர்காணலுக்குப் போன பழைய மாணவன், 'ஐ ஆம் எ ஜாக் ஆஃப் ஆல் ட்ரேட்ஸ்' என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தான். எதிரே இருந்தவர், 'மாஸ்டர் ஆஃப் நன்?' என்று சிரித்தாராம். எல்லா வேலையும் தெரியும், எதிலும் தேர்ச்சி இல்லை. இவன் முகம் தொங்கிப்போய் வந்து, பிறகு ஃபோனில் ஒன்றைக் காட்டினான்: "மிஸ், இதோட முழுப் பழமொழி வேற. ஒண்ணு மட்டும் தெரிஞ்சவனைவிட இவனே மேல்னு கடைசியில வருது."

அந்தக் கடைசி அடி சமீபத்தில் ஒட்டவைத்தது. எதிலும் தேர்ச்சி இல்லை என்ற நடு அடிகூட முதலில் இல்லை. 'ஜாக் ஆஃப் ஆல் ட்ரேட்ஸ்' என்பது மட்டும் தனியாக இருந்தது, அப்போது அது திட்டாகவும் இருக்க வேண்டியதில்லை. பிறகு வால் முளைத்தது, அந்த வாலுக்கு ஒரு வால்.

'பிளட் இஸ் திக்கர் தேன் வாட்டர்' கதையும் இதுதான். நம் "தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்" அது. வால்டர் ஸ்காட் 1815-இல் எழுதிய நாவலிலும் உறவுப் பாசம் என்ற பொருளில்தான் வருகிறது. ஆனால் இப்போது சுற்றுகிற படம் ஒன்றில், 'உடன்படிக்கையின் ரத்தம் கருப்பையின் நீரைவிடக் கெட்டியானது' என்பதே மூலம், பொருள் நேர் எதிர் என்று போட்டிருக்கும். அதற்குப் பழைய சான்று எதுவும் இல்லை.

தமிழிலும் இந்த வியாபாரம் ஜோராக நடக்கிறது. "ஆயிரம் பேரைக் கொன்றவன்" தப்பு, "ஆயிரம் வேரைக் கொன்றவன்" என்பதே சரி என்று வாரம் ஒருமுறை யாராவது அனுப்புவார்கள். நம்புவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பழைய அச்சில் எங்கே இருக்கிறது? ஆங்கிலத்துக்கு ஹேவுட், ஃபுல்லர் போன்றவர்களின் திரட்டுகள் இருக்கின்றன. தமிழுக்கு, பெர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்ட 1874-ஆம் ஆண்டுப் பதிப்பு இருக்கிறது. கேட்க அழகாக இருப்பது மட்டும் சான்றாகாது.

ஒன்றுக்கொன்று சண்டை போட்டால்?

பிள்ளைகள் எப்போதும் கேட்பது: 'லுக் பிஃபோர் யூ லீப்' என்கிறார்கள், குதிக்குமுன் பார். அப்புறம் 'ஹீ ஹூ ஹெசிடேட்ஸ் இஸ் லாஸ்ட்' என்கிறார்கள், தயங்கியவன் கெட்டான். எது உண்மை?

இங்கேதான் தொல்காப்பியத்தின் 'ஏது' உதவிக்கு வருகிறது. பழமொழி அறிவியல் விதி இல்லை, எல்லா இடத்திலும் உண்மையாக இருக்க. அந்த நேரத்துப் பேச்சை முடித்துவைக்க எடுத்துப்போடும் காரணம். ஆற்றில் இறங்கப் போகிற பையனிடம் "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்போம். கடை வைக்கக் காசும் இடமும் தயாராக இருந்தும் மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கும் மாமாவிடம் அதைச் சொல்ல மாட்டோம்; "துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்போம். "போகாமல் கெட்டது உறவு" என்றும் சொல்கிறோம், "கிட்ட இருந்தால் முட்டப் பகை" என்றும் சொல்கிறோம். ஒரே வாய்தான்.

சந்தர்ப்பத்தோடு சேர்த்துப் படித்தால் சுவையும் கூடும். 'வென் இன் ரோம், டூ ஆஸ் த ரோமன்ஸ் டூ.' இதன் பின்னால் ஒரு நிஜச் சந்தர்ப்பம் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் ரோமில் சனிக்கிழமை விரதம் உண்டு, மிலான் நகரில் கிடையாது. எதைக் கடைப்பிடிப்பது என்று கிறிஸ்தவ ஞானி அகஸ்டின் கேட்டபோது, மிலான் பிஷப் அம்புரோஸ், ரோமுக்குப் போனால் நான் விரதம் இருப்பேன், இங்கே இருந்தால் இருப்பதில்லை என்றார். ஓசூர் பக்கம் கடைத்தெருவில் தெலுங்கு கேட்டால் தெலுங்கிலும் கன்னடம் கேட்டால் கன்னடத்திலும் பதில் சொல்லும் கடைக்காரருக்கு அகஸ்டினின் சந்தேகமே வந்திருக்காது.

நாம் இதற்கு வைத்திருப்பது, "பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு எனக்கு." அம்புரோஸ் ஊரோடு ஒத்துப்போகச் சொன்னார். நம் ஆள் ஒத்துப்போவதோடு நிற்காமல் நல்ல துண்டாகப் பார்த்துக் கேட்கிறார்.

பாதி சொன்னால் போதும்

கடைசியாக, பயன்படுத்துவது பற்றி. நம் பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரை எழுதினால் முதல் வரியிலேயே ஒரு பழமொழியை முழுசாக நிறுத்தி, மேற்கோள் குறி போட்டு, அடிக்கோடும் இழுப்பார்கள். ஆங்கிலத்தையே பேசி வளர்ந்தவர்கள் அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். 'வென் இன் ரோம்...' என்று தோளைக் குலுக்குவார்கள். 'தி எர்லி பேர்ட்...' என்றால், முந்தி வரும் பறவைக்குத்தான் புழு என்ற மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நாமும் "ஆடத் தெரியாதவளுக்கு..." என்று இழுத்துவிட்டு மிச்சத்தைக் கேட்பவரிடமே விட்டுவிடுகிறோம். முழுசாகச் சொன்னால் வாத்தியார்த்தனம் வந்துவிடும். நான் வாத்தியார், எனக்குத் தெரியும்.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. வகுப்பு முடிந்தும் யாராலும் வீட்டுக்குப் போக முடியவில்லை. டீ போடலாம் என்று கீழே இறங்கினேன், நாலு பேர் பின்னாலேயே வந்தார்கள். ஒருத்தி இஞ்சி தட்டினாள். ஒருவன் பாலை ஊற்றினான், இன்னொருவன் பால் பத்தாது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினான். நான் சர்க்கரை போட்டேன். எனக்கு முன்னாலேயே ஒருவன் போட்டிருந்தது ஒரு வாய் குடித்த பிறகுதான் தெரிந்தது. யார் போட்டது, எத்தனை ஸ்பூன் என்று பஞ்சாயத்து ஆரம்பித்தது.

கேக்குக்காக என்னிடம் சண்டை போட்டாளே, அந்தப் பெண் இஞ்சி தட்டிய கல்லைக் கழுவி வைத்துக்கொண்டே, "டூ மெனி குக்ஸ்..." என்றாள். மேலே ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கரை டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டுத் தன் டம்ளரோடு மாடிக்குப் போய்விட்டாள்.